தலைக்கோலும் ஊன்றுகோலும்: வரலாற்று நினைவுக் கைத்தடிகளின் சேகரிப்புப் பற்றிச் சில குறிப்புகள்

பழந்தமிழ் இலக்கியத்திற் கோல்கள் பல. அவற்றுள் இரண்டு இக்கட்டுரைக்கு வேண்டப்படுவன. ஒன்று, சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் வரும் தலைக்கோல். போர்க்களத்திற் புறங்கொடுத்த பெருவேந்தனின் வெண்கொற்றக்குடைக் காம்பை எடுத்துவந்து, கணுக்கள்தோறும் நவமணி பதித்து, இடைப்பட்ட பகுதியைப் பொன்னாற் பொதிந்து, இந்திரன் மகன் சயந்தனாக அதனைப் பாவித்து நீராட்டி மாலைசூட்டி, பட்டத்து யானையின் கையிற் கொடுத்து, அரசன் முதலியோர் சூழ ஊர்வலமாகக் கொண்டு சென்று அரங்கினுள் வைப்பர். ஆடலிற் சிறந்தவளுக்குக் கிடைக்கும் தலைக்கோற் பட்டமும் இக்கோலின் வழிப்பட்டதே. தோற்றவனின் உடைமை வென்றவனின் நினைவுச் சின்னமாக மாறும் முறை தமிழில் இவ்வளவு விரிவாக வேறெங்கும் பதிவாகவில்லை எனலாம்.

மற்றையது புறநானூற்றிற் காணப்படுவது. இளமையில் ஆழ்குளத்திற் பாய்ந்து அடிமணல் அள்ளி வந்த ஒருவன், முதுமையிற் பூணிட்ட தடியை ஊன்றிக்கொண்டு, இருமலுக்கிடையே சிலசில சொற்கள் பேசுகின்றான். அதனைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. பாடலில் வரும் தடியே பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் எனப்படுகிறார். அத்தடியில் மணியில்லை, பொன்னில்லை. அதற்கு ஊர்வலமும் எடுக்கப்படவில்லை. ஆயினும் ஒரு மனிதனின் வாழ்நாள் முழுவதும் அதன்மீது சாய்ந்து நிற்கிறது.

வரலாற்றை நினைவூட்டும் கைத்தடிகளைத் தேடிச் சேகரிக்கும் வழக்கம் மேலைநாடுகளில் ஏறத்தாழ இரு நூற்றாண்டுக்கால வரலாறு உடையது. அவ்வழக்கத்தை உற்று நோக்கினால், சேகரிப்பாளர் மிகப் பெரும்பாலும் தலைக்கோலையே தேடிச் சென்றிருப்பது புலப்படும். அமெரிக்காவில் கொன்ஸ்ரிற்றியூசன் என்ற போர்க்கப்பலின் பழமரத்தைக் கொண்டு கைத்தடிகள் கடைந்தனர். 1840ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹரிசனின் ஆதரவாளர் மதுப்பீப்பா வடிவிற் கைபிடி அமைந்த தடிகளை ஏந்தித் திரிந்தனர். வர்ஜீனியாவின் செல்வக் குடும்பமொன்றிற் பிறந்த ஹரிசனை, மரக்குடிலில் வாழ்ந்து மலிவான பழமது அருந்தும் பாமரனாகக் காட்டுவதற்கு அத்தடிகள் பயன்பட்டன. இன்று அவை ஏலங்களில் ‘வரலாற்றுச் சான்று’ என விலைபோகின்றன. அவை சான்றுகளே; ஆனால் எதற்குச் சான்று என்ற வினாவை விலைப்பட்டியல் எழுப்புவதில்லை.

இதற்கு விலக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து மிசூரியில் வாழ்ந்த ஹென்றி கட்ஜெல் என்ற கறுப்பினக் கைவினைஞர், 1860களில், உள்நாட்டுப் போரிற் காயமுற்ற ஒருவருக்காகக் கைத்தடியொன்று செதுக்கினார். சுற்றிப் படரும் பாம்பும் பல்லியும் ஆமையும் முழங்கால் மடித்த மனித உருவமும் அதில் உள்ளன. இன்று அது யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இருக்கிறது. செய்தவரின் பெயர் நிலைத்திருப்பதே அதன் தனிச்சிறப்பு. பெயரிழந்த கைகளால் ஆக்கப்பட்ட நூற்றுக்கணக்கான தடிகளுக்கிடையில் இஃதொன்று தப்பியது.

இலங்கையிலும் இத்தகைய தடிகள் உருவாகின. தென்னாபிரிக்கப் போரிற் பிரித்தானியராற் சிறைப்பிடிக்கப்பட்ட போயர் கைதிகளை 1900 ஆகஸ்ட் முதலாக இங்கு கொண்டுவந்து, தியத்தலாவை, ராகமை, அம்பாந்தோட்டை முதலிய முகாம்களில் அடைத்தனர். மொத்தம் 5000 பேருக்கு மேல். முகாம் வாழ்வின் சலிப்பைப் போக்கவும் கைச்செலவுக்குக் காசு தேடவும் அவர்கள் மரத்திற் குழாய்கள், பெட்டிகள், கைத்தடிகள் முதலியன செதுக்கினர். முகாமின் பெயரையும் ஆண்டையும் பொறித்து வருவோர் போவோருக்கு விற்றனர். ஆக, தோற்றவனே தன் தோல்வியை மரத்தில் எழுதி, வென்றவனின் நாட்டாருக்கு விற்ற விந்தை இது, தலைக்கோலின் மறுதலை. ஆனால் அவர்களுக்குப் பின்னாளிற் சொந்த அரசு வாய்த்தது. 1931இற் புளும்ஃபொன்ரெயினிற் போர் நூதனசாலையும் வாய்த்தது. கைதிகளின் கைவேலை அங்கு தேசியச் செல்வமாயிற்று. அதே போரில் தனி முகாம்களில் அடைக்கப்பட்டு ஆயிரக்கணக்கில் மடிந்த கறுப்பின ஆபிரிக்கருக்கு அத்தகைய கண்ணாடிப் பேழை நெடுங்காலம் கிடைக்கவில்லை. சேகரிப்பின் பின்னால் நிற்கும் அதிகாரத்தை அறிய இவ்வோர் ஒப்பீடே போதும்.

நம்மவரிடையே கைவினைப் பொருட்களைச் சேகரித்தலை ஒரு கொள்கையாக வளர்த்தவர் ஆனந்த குமாரசுவாமி. யாழ்ப்பாண வேருடைய சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனாகிய அவர், கனிப்பொருள் அளவையின் பொருட்டுக் கண்டி நாட்டுக் கிராமங்களிற் சுற்றியபோது கைவினைஞரோடு பழகி, 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். மாத்தளைப் பகுதியில் அரக்கை நகத்தால் இழைத்துத் தடிகளையும் விசிறிக் காம்புகளையும் அழகுசெய்யும் வேலைப்பாடு உலகறிய அந்நூலும் ஒரு காரணம். அவரது சேகரிப்பின் பெரும்பகுதி 1917இற் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையைச் சென்றடைந்தது. குமாரசுவாமி பொருளை மட்டும் பார்த்தவரல்லர். அதனைச் செய்த குடியையும், அக்குடிக்கு நிலமளித்த இராசகாரிய முறையையும் சேர்த்தே பார்த்தார். இதில் அவரது பெருமை உண்டு. அம்முறையில் அடங்கிய அடக்குமுறையை அவர் கைவினையின் அமைதி என்று கண்டது வேறு விடயம். நிலமானிய அமைப்பை அழகியற் கண்ணால் மன்னித்துவிட்டார் என்றே கூறத் தோன்றுகிறது.

யாழ்ப்பாணத்துக் கைவினைகளுக்கு அத்தகைய நூலொன்றை அவர் எழுதவில்லை. பின்வந்தோரும் அவ்வளவில் எழுதவில்லை. அதற்குப் பொருள்சார் காரணமும் உண்டு. இங்கு கைத்தடிக்குக் கைக்கெட்டிய மரம் பனை. முதிர்ந்த பனையின் புறவைரம் கருநாரும் வெண்சோறும் கலந்தது. கடைந்து மெருகிட்டால் வரிவரியாக மின்னும். ஆனால் நார் நெடுக ஓடுவதால் நுண்ணுளி வேலைக்கு இணங்காது, பிளந்துவிடும். எனவே பனந்தடியின் அழகு செதுக்கலில் அன்று, மரத்தின் வரியிலும் முனையில் ஏறும் பூணிலும் உள்ளது. செதுக்கத்தக்க மரமும் தேர்ந்த கையும் வேறொரு புரவலரிடம் சென்றன. தேர், வாகனம், மஞ்சம் என்பவற்றைச் செய்வித்த கோயிலே அப்புரவலர். இணுவிற் கந்தசுவாமி கோயிலின் பெருமஞ்சத்தைக் கண்டவர்கள், மரச்சிற்பத்தில் ஈடுபாடற்ற சமூகம் இது என்று சொல்லமாட்டார்கள். தனிமனிதன் கையிற் பிடிக்கும் தடியில் அக்கலை இறங்கி வரவில்லை; அவ்வளவே.

கையிற் பிடித்தவர் யார் என்பது அடுத்த வினா. பழைய குடும்பப் புகைப்படங்களில் தலைப்பாகையும் கோட்டும் சால்வையுமாக வீற்றிருக்கும் உடையார், மணியகாரர் வர்க்கத்தாரின் கையில் வெள்ளிப்பூண் பிரம்பைக் காணலாம். நடக்க முடியாமையால் அவர்கள் அதை ஏந்தவில்லை. குடை பிடித்தலும், செருப்பணிதலும், தோளிற் சால்வை இடுதலும் ஒரு பகுதியாருக்கு மறுக்கப்பட்டிருந்த சமூகத்தில், கையிலுள்ள தடி எழுதாச் சட்டத்தின் ஓர் உறுப்பு. இன்று பழைய கதவு, தூண், குத்துவிளக்கு ஆகியவற்றோடு இவ்வகைப் பிரம்புகளும் பழம்பொருள் வணிகத்தில் விலைப்படுகின்றன. புலம்பெயர்ந்தோர் வீட்டு வரவேற்பறைகளில் அவை ‘எங்கள் பாரம்பரியம்’ ஆகின்றன. ‘எங்கள்’ என்ற அச்சொல்லில் யார் யார் அடங்குவர் என்பதை விமர்சகன் கேட்டாக வேண்டும்.

இதே மண்ணில் வேறு பொல்லுகளும் இருந்தன. பாளையைத் தட்டிப் பதப்படுத்தும் சீவல் தொழிலாளியின் பொல்லு, பல ஆண்டுக் கைப்பிடியால் எந்தத் தச்சனும் தரமுடியாத மெருகு பெறுவது. மாடு சாய்க்கும் கேட்டி, கிணற்றடியிலும் வயலிலும் தேய்ந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தின்மீது பாய்ந்தது பொலிசாரின் குண்டாந்தடி. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிற் சாத்வீகமாக நின்றோரை மறித்து, உள்ளிருந்தோர் பொல்லுகளுடன் காவல் நின்றனர். முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கம் அம்மறிப்பின் முன்னணியில் நின்றது யாவரும் அறிந்ததே. 1957ஆம் ஆண்டிலேயே சமூகக் குறைபாடுகளுக்கு எதிரான சட்டம் நாட்டில் இருந்தது. கோயில் வாயிலில் அன்று பேசியது பொல்லு. இப்பொல்லுகளில் ஒன்றிலாவது பூவேலை இல்லை, ஆண்டு பொறிக்கப்படவில்லை. ஆகவே எந்தச் சேகரிப்பாளரும் அவற்றைத் தேடவில்லை. யாழ்ப்பாணத்தின் இருபதாம் நூற்றாண்டை எழுதப் புகுவோனுக்கு, வெள்ளிப்பூண் பிரம்பு நூறினும் இவற்றுளொன்று பெரிதாகும் என்பது என் துணிபு.

பொருளின் மீது ஒட்டப்படும் சீட்டு எவ்வளவு வலியது என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. 1947 ஆகஸ்ட் 14 இரவு, திருவாவடுதுறை ஆதீனத்தார் சென்னை நகைத்தொழிலாளரைக் கொண்டு செய்வித்த பொற்செங்கோல் டில்லியில் நேருவிடம் கையளிக்கப்பட்டது. பின்னர் அது அலகாபாத் நூதனசாலையில், நேருவுக்கு அன்பளிப்பாக வந்த பொற்றடி என்ற அளவில், பல பத்தாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2023 மே 28இல் அதே பொருள் இந்தியாவின் புதிய நாடாளுமன்றத்தில் அவைத்தலைவரின் ஆசனத்தருகே நிறுத்தப்பட்டது. அதிகார மாற்றத்தின் சின்னமாகவே அது அன்று கையளிக்கப்பட்டது என்ற அரசின் கூற்றை வரலாற்றாசிரியர் பலர் மறுத்தனர். பொருள் ஒன்றே, ஒரு காலத்திற் கைத்தடி, இன்னொரு காலத்திற் செங்கோல். யானைமீது வைத்து ஊர்வலஞ் செய்த பழைய சடங்குக்கும் தொலைக்காட்சியில் நிகழ்ந்த புதிய சடங்குக்கும் இடையில் நூற்றாண்டுகள் கழிந்தாலும் தர்க்கம் மாறவில்லை.

நமது நிலையோ வேறு வகையானது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டபோது 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருளையே தொல்பொருள் என வரையறுத்தது. கண்டி இராச்சியம் வீழ்ந்த நாளை எல்லையாகக் கொண்ட அவ்வரைவில், அதற்குப் பிற்பட்ட உழைப்பாளரின் வரலாறு இடம்பெறுவதற்கு வழியில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது 97,000 அளவிலான நூல்களும் ஏடுகளும் போயின. அதன்பின் வந்த போர் ஆண்டுகளில் வீடுகளோடு வீட்டுப் பொருட்களும் போயின. எஞ்சியவற்றைத் தேடும் பணி பல்கலைக்கழகத்துக்கு உரியது.

எங்கிருந்து தொடங்குவது? நான் 1995ஐச் சொல்வேன். அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் நாலைந்து இலட்சம் பேர், மழையிற் செம்மணி வழியே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தனர். பாலத்தைக் கடந்ததும் வருவது கைதடி. (ஊர்ப்பெயருக்கும் கைத்தடிக்கும் ஒலியொப்புமை உண்டு, சொற்பிறப்புரைக்க நான் முற்படவில்லை.) அந்த நடையில் முதியோர் ஊன்றிச் சென்ற தடிகள் வேலியிற் பிடுங்கியவை, குடைக்காம்புகள், உடைந்த தும்புத்தடியின் கைபிடிகள். தொடித்தலை விழுத்தண்டினாரின் தண்டுக்கு இருந்த பூண்கூட இவற்றுக்கு இல்லை. அவற்றை ஊன்றியவர்களிற் பலர் இன்றில்லை. மரணவீடு கழிந்த மறுவாரம் தடி கோடிக்குப் போகிறது, அல்லது அடுப்புக்கு.

இத்தகைய பொருளைச் சேகரிப்பதிற் பதிவேடே முதன்மையானது. செய்தவர் யார், என்ன மரம், யார் ஊன்றினார், எங்கிருந்து எங்குவரை என்ற விவரங்கள் இல்லையேல் அது வெறும் விறகு. மாணவர் ஒலிப்பதிவுக் கருவியுடன் வீடுவீடாகச் செல்ல வேண்டும். பெண்கள் ஊன்றிய தடிகளைப் பற்றித் தனியே கேட்க வேண்டும். ஆண்மக்களின் பிரம்பைப் போல் அவை குடும்ப நினைவிற் பேணப்படுவதில்லை.

1966, 1968 ஆண்டுகளின் பொல்லுகளையும் தேடினாற் பழைய புண்களைக் கிளறியதாகும் என நண்பர்கள் சிலர் வாதிப்பர். புண் ஆறிவிட்டது என்று யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்தே அவ்வாதத்தின் பெறுமதி அமையும். அடித்தவர் வீட்டிலும் அடிபட்டவர் வீட்டிலும் ஒரே கேள்விக்கொத்துடன் சென்று விடைகளை அருகருகே பதிந்து வைத்தால், அவ்விவாதத்தை ஊகமின்றி நடத்தலாம்.