உப்பு: மூன்று பிரதிகளும் ஒரு மோட்டார் சத்தமும்

இப்போது வாசிப்பது ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ (1979), மூன்றாம் தடவை. கூடவே ராய் மாக்ஸமின் ‘உப்பு வேலி’, சிறில் அலெக்ஸ் மொழிபெயர்ப்பில். பார்த்தது ஃபரிதா பாச்சாவின் ‘மை நேம் இஸ் சால்ட்’ (2013). கேட்பது, வேறென்ன, மரக்காணம் அளத்தில் தண்ணி இறைக்கிற மோட்டார். உப்பை அதன் உற்பத்தியிலிருந்து வாசிக்க முடியுமா என்பதுதான் என் பிரச்சினை.

நம் உப்புக் கதையாடல்கள் பெரும்பாலும் உப்பு விளைந்து முடிந்த பிறகே தொடங்குகின்றன. நெய்தல் பாட்டுகளில் உமணர் வண்டியோட்டுகிறார்கள். உமணர் மகள் நெல்லுக்குச் சமமென்று உப்பை விலைகூறி வருகிறாள். பாத்தியில் நின்றவர் யாரென்று தேட வேண்டியிருக்கிறது. சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்கிற ஆய்வாளர்கள் உண்டு, நம்மூர்க்காரர்களுக்கு அதிலொரு பெருமை. இருக்கட்டும். 1930 ஏப்ரலில் ராஜாஜியின் படை திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தபோதும் உப்பு என்பது அள்ளிய ஒரு பிடி, தேசத்தின் குறியீடு. குறியீட்டுக்கு யார் கூலி கேட்பது?

வட இந்தியாவில் உப்பு வரிக்காக முள்வேலி வளர்த்து, ஏறக்குறைய 12,000 பேரைக் காவல் வைத்து, 1879இல் கைவிட்ட சுங்கக்கோட்டைத் தேடிப் போகிறார் மாக்ஸம். சுவாரசியமான புத்தகம். ஆனால் ‘அட, இப்படியும் ஒரு வேலியா’ என்று நாம் வியந்ததோடு நின்றுவிட்டோம். சென்னை மாகாணத்துக்கு முள்ளே தேவைப்படவில்லை. 1805இலேயே கம்பெனி உப்பை ஏகபோகமாக்கிவிட்டது. விளைவித்தவர் சர்க்காருக்குத்தான் கொடுக்கணும், அது வைத்த விலைக்கு. இங்கே வேலி பதிவேட்டில் இருந்தது.

படத்தை அளத்தில் வேலை செய்யும் சில பெண்களோடு சேர்ந்து மடிக்கணினியில் பார்த்தேன். கட்ச் சிறு ரண்ணில் ஒரு குடும்பம் எட்டு மாதம் உப்பு விளைவிக்கிறது. வர்ணனைக் குரல் கிடையாது. எனக்கு அந்த மௌனம் பிடித்திருந்தது. “ஏம்ப்பா, ஒரு வூடுதானா? அங்க இன்னா ஊரே இல்லியா?” என்றார் ஒருவர். “இவ்ளோ நேரம் வாயத் தொறக்காம வாருவாங்களா?” என்றார் இன்னொருவர். நான் ரசித்த மௌனம் இயக்குநருடையது என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த விமர்சகரும் சொல்லிவிட முடியாது. இங்கே அளம் கூட்டுவேலை. வாருபலகையோடு ஏச்சும் சிரிப்பும் கடன் கணக்கும் சேர்ந்தே நகரும். ஈசிஆரில் கார் நிறுத்திப் படமெடுப்பவர்களுக்கு அது கேட்பதில்லை.

ராஜம் கிருஷ்ணன் கேட்டிருக்கிறார். தூத்துக்குடிக்குப் போய், பழகி, எழுதியவர். பொன்னாச்சி மீதான பாலியல் அத்துமீறலும், உப்பு தின்ற காலும், கூசிப்போன கண்ணும் வேறெந்தத் தமிழ்ப் பிரதியிலும் இவ்வளவு நெருக்கமாக வரவில்லை. என் மனக்குறை வேறு. துயரத்துக்குத் தந்த கவனத்தை நாவல் தொழிலறிவுக்குத் தரவில்லை. நீர் சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படியும். பாமே அளவில் 25 டிகிரியை ஒட்டி உப்பு பூக்கும். விட்டுவைத்தால் மக்னீசியக் கசப்பு ஏறும், அதற்குள் கழிவுநீரை வடித்தாக வேண்டும். இதைக் காலாலும் நாக்காலும் அளக்கிறவர்கள் இலக்கியத்தில் ‘பாவப்பட்டவர்களாக’ மட்டுமே வருவது ஏன்? முற்போக்கு அழகியல் இதற்குப் பதில் சொல்லணும்.

மழையோடு படம் முடிந்துவிடுகிறது. இங்கே ஐப்பசி பிறந்தால் மோட்டார் நிற்கும். வேலையில்லா மாதங்களுக்காக 2022 முதல் அரசு தரும் நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ரூபாய். “அது அடகுக்கட வட்டிக்கே பத்தாது, அத்தப் படமா எடுக்கச் சொல்லு” என்றார் முதலில் பேசியவர், திரை அணைந்த பிறகு.