ஜீவனாம்சம் என்னும் ஒற்றைச் சொல்

இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ ஒரு தலாக் விவகாரம் ஜமாஅத்தாரிடம் வருமாயின், முதலில் எழும் சொல் ஜீவனாம்சம். பெண்ணைப் பெற்றவர் அதைக் கேட்பார். பிள்ளை வீட்டார், "மார்க்கத்தில் அது இல்லை" என்பர். இரு சாராரும் எதைக் குறித்து வழக்காடுகின்றனர் என்பதே நம் ஐயம்.

அரபியில் நஃபகா வேறு, மதாஉ வேறு. நஃபகா என்பது இல்லறத்திலும், பொதுவாக இத்தாவிலும், கணவன் அளிக்கும் உணவு, உடை, உறையுள். மதாஉ என்பது பிரிகையில் அவன் அளிக்கும் பொருள். அல்பகரா அத்தியாயத்தின் 241ஆம் வசனம் பேசுவது இதனையே. நாமோ இரண்டையும் ஜீவனாம்சம் என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டோம். முன்னது இத்தாவோடு முடிகிறது என்று சொல்லிப் பின்னதையும் மறுத்துவிடுவது எளிதாயிற்று.

இந்தூர் ஷா பானு 1932இல் மணமாகி 1978இல் தலாக் சொல்லப்பட்டவர். அவருக்கு மாதம் 179 ரூபாய் 20 காசு தரவேண்டுமென்ற தீர்ப்பை 1985இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எதிர்ப்பு எழவே, 1986இல் தனிச் சட்டம் பிறந்தது. அதன் வாசகத்தை ஏடு பரிசோதிப்பார்போல் நோக்கவேண்டும். நியாயமான ஏற்பாடும் பராமரிப்பும் இத்தாக் காலத்திற்குள் செய்யப்பட வேண்டும் என்கிறதேயன்றி, இத்தாக் காலத்திற்கு மட்டும் என்று சொல்லவில்லை. ஏழாம் வேற்றுமையை நான்காம் வேற்றுமையாகப் படித்தவர் எத்தனை பேர்! டானியல் லத்தீஃபி வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கியது: இத்தா, கொடுத்து முடிக்கவேண்டிய தவணை, கொடுக்கப்படும் பொருளோ அவளுடைய வருங்காலத்திற்கு உரியது. அரபியும் இலக்கணமும் ஓதிய நம்மவர் முன்பே செய்திருக்கவேண்டிய பணி இது.

மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்மையே. கூடி வாழ்ந்தபின் குற்றமின்றி விலக்கப்பட்டவளுக்கும் மதாஉ கடமை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கூற்று. ஹனஃபிகள் அத்தகையவளுக்கு அதனை விரும்பத்தக்கது என்பர். இரு மத்ஹபினரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் நம் பகுதியில், ஷாஃபிஈகளும் இதை மறந்திருப்பதுதான் வியப்பு.

இன்னொரு சொல்லும் உண்டு: வாழாவெட்டி. இதற்கு ஆண்பால் தமிழில் இல்லை. அப்பெயரைச் சூட்டியபின், அவளுக்குச் சேரவேண்டியதைப் பிச்சை கேட்பதுபோல் கேட்கவைக்கிறோம். துறைமுகக் கூலியிலும் ஆலைச் சம்பளத்திலும் ஓடும் குடும்பங்களில் வாடகைச் சீட்டும் ரேஷன் அட்டையும் பெரும்பாலும் அவன் பெயரில். நிக்காஹ் தஃப்தரில் மஹரை எழுதும் கரம், தலாக்கை எழுதுகையில் மதாஉ எவ்வளவு என்றும் ஒரு வரி எழுதலாமே. அதற்கு எந்த மத்ஹபிலும் தடையில்லை.