இரும்புக் கை

சிறு வயதில் என்ன படித்தீர்கள் என்று எழுத்தாளர்களைக் கேட்டால் அநேகமாக எல்லோரும் கௌரவமான பெயர்களாகவே சொல்கிறார்கள். பாரதியைச் சொல்கிறார்கள், கல்கியைச் சொல்கிறார்கள். பத்து வயதிலேயே டால்ஸ்டாயைத் தொட்டுவிட்டதாகச் சொல்கிறவர்களும் உண்டு. அவர்களை நான் நம்பாமல் இல்லை. என் விஷயம் வேறு. நான் முதன்முதலில் பைத்தியம் பிடித்துப் படித்தது ஒரு படக்கதை. இரும்புக்கை மாயாவி என்று பெயர். இதை நாலு பேர் நடுவில் சொல்லிக்கொள்ள இருபது வருஷம் கூச்சப்பட்டிருக்கிறேன். இப்போது கூச்சம் போய்விட்டது. ஏன் போயிற்று என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் கிராமம் ஒரகடத்துக்குப் பக்கம். இன்று அந்தப் பெயரைக் கேட்டால் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் ஞாபகத்துக்கு வரும். 1990-ல் அங்கே ஏரி இருந்தது, நெல் இருந்தது, மேட்டு நிலத்தில் வேர்க்கடலை இருந்தது. படிக்க ஏதாவது வேண்டுமென்றால் ஸ்ரீபெரும்புதூருக்குப் போக வேண்டும். அங்கே ஒரு பழைய பேப்பர் கடைக்காரர், எடைக்கு வந்த காகிதத்திலிருந்து கதைப் புத்தகங்களைப் பொறுக்கிச் சணலால் கட்டித் தனியே வைத்திருப்பார். அம்புலிமாமா, கோகுலம், பூந்தளிர், ராணி காமிக்ஸ், முத்து காமிக்ஸ் எல்லாம் எனக்கும் என் நண்பனுக்கும் அந்தக் கட்டிலிருந்துதான் கிடைத்தன. பலவற்றுக்கு அட்டை இராது. சிலவற்றுக்குக் கடைசிப் பக்கம் இராது. முடிவில்லாத கதைகளுக்கு ஏரிக்கரையில் உட்கார்ந்து நாங்களே முடிவு கட்டிக்கொள்வோம். ப்ளஸ் டூவோடு படிப்பை நிறுத்திக்கொண்ட எனக்குக் கதை எழுதும் பழக்கம் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அந்தக் கட்டில் மதிப்பு அதிகம் அம்புலிமாமாவுக்குத்தான். 1947-ல் தொடங்கிய அந்தப் பத்திரிகையில் விக்கிரமாதித்தன் தோளில் பிணத்தைச் சுமந்துகொண்டு நடக்கிற படத்தை யாரும் மறந்திருக்க முடியாது. அதைப் போட்ட சங்கர் 2020-ல்தான் காலமானார். அந்தத் தொடரின் அழகெல்லாம், கதை முடிந்த பிறகு வேதாளம் கேட்கிற கேள்வியில் இருக்கிறது. முத்து காமிக்ஸ் கதைகள் கேள்வி எதுவும் கேட்பதில்லை. ஓடுகின்றன, அடிக்கின்றன, முடிந்துவிடுகின்றன. ஆனால் அப்படிக் கேட்காத கதை ஒன்றுதான் பல வருஷம் கழித்து என்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்டது.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். லூயிஸ் கிராண்டேல் என்பவன் பேராசிரியர் ஒருவரின் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளன். அங்கே நேர்ந்த விபத்தில் அவனுடைய வலது கை போய்விடுகிறது. அந்த இடத்தில் இரும்புக் கை பொருத்துகிறார்கள். பிறகு இன்னொரு விபத்து. இந்தத் தடவை மின்சாரம் பாய்கிறது. பாய்ந்ததும் உடம்பு முழுவதும் மறைந்துபோய் இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறது. 1962-ல் இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையில் வந்தது இது. எழுதத் தொடங்கியவர் கென் பல்மர், பின்னால் தொடர்ந்தவர் டாம் டல்லி, படம் போட்டவர் ஜெஸஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர். 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழாக வந்தது இதன் தமிழ்தான்.

கதை என்று பார்த்தால் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. வில்லன்கள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள். உலகத்தை அழிப்பதற்கு அவர்களுக்கு ஏதோ ஒரு காரணம் போதும். பெண்கள் அநேகமாக இல்லை. பிற்காலக் கதைகளில் மாயாவி நிழற்படையில் சேர்ந்து நல்லவனாகிவிட்ட பிறகு, இரும்பு விரலுக்குள் துப்பாக்கி, வாயு, ரேடியோ என்று அடைத்து அதை ஒரு பெட்டிக்கடையாகவே ஆக்கிவிட்டார்கள். அவற்றை இப்போது என்னால் படிக்க முடியவில்லை.

பிளாஸ்கோவின் படங்கள் வேறு ஜாதி. இல்லாத மனிதனைப் படத்தில் காட்டுவது எப்படி? கதவுக் குமிழைப் பற்றிய கை ஒன்று, ஜன்னல் விளிம்பைத் தொட்ட கை ஒன்று. மற்றதெல்லாம் வெறும் நிழலும் சுவரும். தோள் எங்கே, முகம் எங்கே, அவன் குனிந்திருக்கிறானா நிமிர்ந்திருக்கிறானா என்பதைப் படிக்கிற பையன்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். சொல்லாமல் விட்டதை வாசகன் நிரப்புவான் என்ற பாடத்தை எனக்கு எந்தப் பெரிய நாவலாசிரியரும் முதலில் சொல்லித் தரவில்லை. இந்தக் கைதான் சொல்லித் தந்தது.

பெயரையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலப் பெயரில் கை என்ற சொல்லே இல்லை. எஃகு நகம், மிருகத்துக்கு இருக்கிற மாதிரி வளைந்த நகம் என்றுதான் அர்த்தம். தமிழாக்கியவர் அதைக் கை என்று திருப்பி மனிதனிடமே கொடுத்தார். வியாபாரத்துக்காகச் செய்தாரோ, தெரிந்தே செய்தாரோ, மூலத்தைவிடத் தமிழ்ப் பெயர் உயர்ந்தது என்பது என் அபிப்பிராயம்.

படித்துவிட்டு நாங்கள் செய்ததையும் சொல்லிவிட வேண்டும். ஏரிக்குக் கீழே ஒரு பம்புசெட்டு ரூம் இருந்தது. ஒருநாள் என் நண்பன் வலது கையில் ஒரு பழைய இரும்புக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, சுவிட்ச் பெட்டிக்குள் அதை நுழைத்தான். அடுத்த கணம் எதிர்ச் சுவரில் போய் விழுந்தான். பிராணன் போகாதது தெய்வாதீனம். எழுந்து உட்கார்ந்ததும் அவன் கேட்ட முதல் வார்த்தை, "டேய், நான் தெரியறேனாடா?"

"நல்லாத் தெரியற" என்றேன். அவன் முகம் வாடிப்போயிற்று.

பிறகு எங்கள் பக்கம் மாறத் தொடங்கியது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார்கள் வெளிவர ஆரம்பித்தன. 2010-ல் ஒரகடத்திலும் கார்த் தொழிற்சாலை வந்தது. பெரிய தொழிற்சாலைகளைச் சுற்றி, அவற்றுக்கு உதிரிப்பாகம் செய்து கொடுக்கிற சின்னப் பட்டறைகள் முளைத்தன. அப்படி ஒன்றில் என் நண்பன் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தான். பிரஸ் மெஷினில் தகடு வைக்கிற வேலை. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் மெஷின் இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு. கை இரண்டும் பட்டன் மேல் இருக்கும்போது உள்ளே மாட்டாதல்லவா? ஆனால் வேகம் போதவில்லை என்று ஒரு பட்டனை அழுத்தியபடியே கட்டி வைத்திருந்தார்கள். 2011-ல் ஒரு ராத்திரி ஷிப்டில் அவனுடைய வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் மிஞ்சின.

நாலு மாதம் கழித்து அவன் வேலை கேட்கப் போனான். அதற்குள் காண்ட்ராக்டர் மாறிவிட்டார். தினமும் இவனோடு டீ குடித்த காவல்காரர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு பேரே இதுல இல்லையேப்பா" என்றாராம். இதை அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குப் பம்புசெட்டு ரூம் ஞாபகம் வந்தது. மின்சாரம் பாய்ந்தபோது மறையாதவன் இப்போது மறைந்துபோயிருந்தான்.

சிவகாசியிலிருந்து மாயாவியின் மறுபதிப்பு வந்தபோது வாங்கிப் படித்தேன். பழைய ஆசைக்காகத்தான் எடுத்தேன். படிக்கப் படிக்க வேறு கதையாக இருந்தது. கை போன முதல் விபத்துக்கு அதில் எவ்வளவு கொஞ்சம் இடம்! படமும் பரபரப்பும் எல்லாம் இரண்டாவது விபத்துக்குத்தான். வலி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, வீட்டில் அழுகிறவர்கள் இல்லை, அந்த மாதச் சம்பளம் என்ன ஆயிற்று என்ற பேச்சு இல்லை. இரும்புக் கை மட்டும் தயாராக வந்து பொருந்திவிடுகிறது. நம் நாட்டில் 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இதற்கெல்லாம் ஓர் அட்டவணை வகுத்தது. ஒரு கை போனால் சம்பாதிக்கும் சக்தியில் 60 சதவீதம் நஷ்டம். கட்டை விரல் போனால் 30. மூன்று விரல் போனாலும் 30. கிராண்டேல் எங்கள் ஊர்க்காரனாக இருந்தால் 60, என் நண்பன் 30. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் புத்தகத்தைப் பழையபடி படிக்க முடியவில்லை.

இன்னொன்றும் புரிந்தது. முதல் கதையில் மாயாவி நல்லவன் அல்ல. மறையும் சக்தி வந்ததும் குற்றங்களில் இறங்குகிறான். மின்சாரம் மூளையைக் கலக்கிவிட்டது என்று சிறு வயதில் நினைத்துக்கொண்டேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. வேலை செய்த இடத்தில் கையைப் பறிகொடுத்தவன் அவன். அந்தக் கோபம் எங்கே போகும்? கதாசிரியர் இதை நினைத்து எழுதினார் என்று நான் வாதாட மாட்டேன். வாரப் பத்திரிகைக்கு வேகமாக எழுதியவர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் இருந்திராது. ஆனால் எழுதியவன் நினைக்காததும் எழுத்தில் வந்து உட்கார்ந்துவிடுவது உண்டு. ஆங்கிலேயர் தொழிலாளியைக் 'கை' என்றே சொல்கிற வழக்கம் உள்ளவர்கள். டிக்கன்ஸ் 1854-ல் எழுதிய 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில் ஆலைக்காரர்களைக் 'கைகள்' என்று குறிப்பிடுவதை இடித்துக் காட்டியிருக்கிறார். ஆள் மறைந்து கை மட்டும் தெரிகிற கதை அப்படிப்பட்ட பாஷையில் பிறந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் இது பெரிய இலக்கியமா என்று கேட்டால், இல்லை. பெரிய இலக்கியம் அந்த முதல் விபத்தில் நின்றிருக்கும். இது நிற்கவில்லை. ஆனால் அதை அடித்துவிடவும் இல்லை. ஒரு மூலையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. குழந்தைகளுக்கான புத்தகம் முழு உண்மையையும் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். பத்து வயதில் தாண்டிப் போன இடத்துக்கு நாற்பது வயதில் திரும்பி வந்தால் அங்கே ஏதாவது இருக்க வேண்டும். அது போதும். நான் ஆசையாகப் படித்த எத்தனையோ தொடர்களில், திரும்பிப் போனபோது ஒன்றுமே இல்லை.

நண்பன் இப்போது ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிறான். மறுபதிப்பை அவனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சுண்டு விரலால் பக்கத்தைத் தள்ளிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நிறுத்தினான்.

"கை எப்படிப் போச்சுன்னு இதுல இருக்குதுடா. நாம இதைப் படிக்கவே இல்லையே?"

"படிச்சோம். நிக்கல" என்றேன்.

அவனுடைய பையனுக்குப் பத்து வயது. அப்பாவின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, பெஞ்சியில் உட்கார்ந்து புரட்டினான். நாங்கள் நின்ற இடத்தை ஒரே தாவலில் தாண்டிப் போய், கை மட்டும் தொங்குகிற படத்தில் கண்ணைப் பதித்துவிட்டான். நண்பன் என்னைப் பார்த்தான்; ஒன்றும் சொல்லவில்லை. பையன் சிரித்தான். கிளம்பும்போது, "மாமா, இது எனக்கா?" என்று கேட்டான்.

கொடுத்துவிட்டு வந்தேன்.