பெறுதலும் மறுத்தலும்

பெண்ணுரிமை பற்றிப் பேசுவோர் நம்மிடையே பெருகியுள்ளனர். மகப்பேறு பற்றிய உரிமையும் அப்பேச்சில் இடம்பெறத் தொடங்கியிருப்பது வரவேற்கத்தக்கதே. ஆயினும் எத்தகைய பெண்ணின் வாழ்வை அளவுகோலாகக் கொண்டு அவ்வுரிமையை வரையறுக்கிறோம் என்ற வினாவை நாம் எழுப்புவது அரிது. 'பெண்' என்ற பொதுச்சொல்லின் நிழலில் வர்க்கமும் இனமும் மறைந்துவிடுகின்றன. இவ்வினாவை நேர்நின்று எழுப்பிய நூல்களுள் அஞ்செலா டேவிஸ் 1981ஆம் ஆண்டு வெளியிட்ட 'பெண்கள், இனம், வர்க்கம்' முதன்மையானது. அதன் பன்னிரண்டாம் அத்தியாயம் அமெரிக்காவில் கருத்தடை, கருக்கலைப்பு, கட்டாய மலடாக்கல் ஆகியவற்றின் வரலாற்றை ஆராய்கிறது. ஈண்டு நாம் நோக்க விரும்புவது அவ்வத்தியாயத்தையே.

டேவிஸ் தமது ஆராய்ச்சியை ஒரு முரண்பாட்டிலிருந்து தொடங்குகிறார். 1970களின் தொடக்கத்தில் கருக்கலைப்பு உரிமைக்காக எழுந்த இயக்கத்திலே கறுப்பினப் பெண்களும் புவேர்ட்டோ ரிக்கோப் பெண்களும் பெருந்தொகையாகச் சேரவில்லை. ஆனால் நியூயோர்க்கில் கருக்கலைப்புச் சட்டபூர்வமாவதற்கு முந்திய சில ஆண்டுகளில், கள்ளக் கருக்கலைப்பினால் மாண்டோருள் ஏறத்தாழ 80 சதவீதத்தினர் இவர்களே என்று அவர் எடுத்துக்காட்டுகிறார். உரிமை எவருக்கு மிக அவசியமாயிருந்ததோ அவரே விலகி நின்றனர். இதற்குப் பெண்ணடிமை பற்றிய விழிப்பின்மையே காரணம் எனச் சிலர் கருதினர். டேவிஸ் அதனை ஏற்கவில்லை. விலகி நின்றோரின் அச்சத்திற்கு வரலாற்றில் ஆதாரம் இருந்தது என்பதே அவரது வாதம்.

அவ்வரலாறு கசப்பானது. 1905ஆம் ஆண்டு ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ட், வெள்ளையரிடையே பிறப்பு வீதம் குறைவதை 'இனத் தற்கொலை' எனக் கண்டித்தார். 1916இல் புறூக்ளினில் தொழிலாளர் வாழும் பகுதியொன்றிலே கருத்தடை நிலையம் திறந்து, அதற்காகச் சிறை சென்றவர் மார்கிரெட் சாங்கர். தாதியாகப் பணியாற்றி, ஏழைத் தாய்மாரின் துயரை நேரிற் கண்ட அவரே பின்னர் 'தகுதியற்றோர்' பெருகலாகாது என்னும் இனமேம்பாட்டுவாதிகளுடன் கைகோத்தார். 1930களின் தொடக்கத்தில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களிற் கட்டாய மலடாக்கற் சட்டங்கள் இருந்தன. 1970களில் புவேர்ட்டோ ரிக்கோவில் மகப்பேற்று வயதுப் பெண்களுள் மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்டோர் மலடாக்கப்பட்டிருந்தனர். 1973இல் அலபாமாவிலே, அரச நிதி பெற்ற நிலையமொன்றின் ஏற்பாட்டில், இரு கறுப்பினச் சிறுமியர் மலடாக்கப்பட்டனர். ஊசிமருந்து ஏற்றப் போகிறார்கள் என நம்பிய அவர்தம் தாய், எழுத்தறியாதவர், புள்ளடியிட்டு ஒப்புதல் அளித்திருந்தார். ஒரே கருவி ஒரு வீட்டிற்கு விடுதலையாகவும் மறு வீட்டிற்கு அரச ஆணையாகவும் சென்ற விதம் இதுவாகும்.

அதே 1973ஆம் ஆண்டிலேதான் 'றோ எதிர் வேட்' தீர்ப்பு கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமையாக அங்கீகரித்தது. ஆனால் 1976இல் காங்கிரஸ் நிறைவேற்றிய ஹைட் திருத்தம், வறியோர் மருத்துவத்திற்கான கூட்டாட்சி நிதியைக் கருக்கலைப்பிற்குப் பயன்படுத்தலாகாது என மிகப் பெரும்பாலும் தடுத்தது. மலடாக்கலுக்கோ அந்நிதி தொடர்ந்து கிடைத்தது. வறியவள் பிள்ளை பெறுவதை அன்றைக்கு மட்டும் ஒத்திவைக்க விரும்பினால் அரசு கையை விரித்தது. என்றைக்குமாகத் துறக்க இசைந்தால் செலவை ஏற்றது! உரிமை சட்டநூலில் இருந்தது. அதனை நுகரும் வலிமை பணப்பையில் இருந்தது. 2022 ஜூனில் உயர்நீதிமன்றம் 'றோ' தீர்ப்பையே நீக்கியது. இன்று தடைசெய்த மாநிலத்திலிருந்து அயல் மாநிலத்திற்குச் செல்லப் பயணச் செலவும் விடுமுறையும் உள்ளவளுக்கு வழியுண்டு. நாட்கூலியை இழக்க முடியாதவளுக்கு அது எட்டாத தூரம். நாற்பதாண்டுகளுக்கு முன் டேவிஸ் வகுத்த பகுப்பாய்வை நிகழ்ச்சிகள் மெய்ப்பித்துவிட்டன.

எனினும் இவ்வத்தியாயத்தில் ஒரு குறையும் உண்டு. அரசையும் வைத்தியரையும் இயக்கத் தலைமையையும் கூர்ந்து நோக்கும் டேவிஸ், வீட்டின் உள்ளே நிலவும் அதிகாரத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண்களின் கோரிக்கைகளைக் கூறுமிடத்தில் தொட்டுவிட்டு அப்பாற் செல்கிறார். தன் வீட்டினுள் 'வேண்டாம்' என்று சொல்ல இயலாதவளுக்கு வைத்தியசாலைக் கதவு திறந்திருந்தும் என்ன பயன்? இவ்விடத்தில் நமக்குத் துணைவருவது தமிழிலேயே எழுந்த ஒரு நூலாகும். பெரியார் ஈ. வெ. ராமசாமி தமது 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கர்ப்பத்தடை பற்றி எழுதுகையில், தமது காரணம் பிறர் காரணத்தினின்றும் வேறானது எனத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். தாயின் உடல்நலம், குடும்பச் செலவு, நாட்டின் வறுமை என்பன பிறர் கூறிய காரணங்கள். பெண்ணின் சுதந்திரமே அவர் கூறிய காரணம். அந்தத் துணிவை நாம் போற்றுகிறோம். ஆனால் அரசு தானே கருத்தடையைக் கையிலெடுத்து ஏழையின் வாசலுக்கு வந்தால் என்ன நேரும் என்பதை அவர் எழுத்திற் காண்பதற்கில்லை. ஆகவே இவ்விரண்டையும் ஒருசேரக் கற்றல் வேண்டும்.

இவ்வாறு கற்போர்க்கு நமது நாட்டின் நிலையும் தெளிவாகும். தாயின் உயிரைக் காத்தற்கன்றி வேறெதற்கும் கருக்கலைப்பை அனுமதியாத தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, 1883இல் குடியேற்ற ஆட்சி விட்டுச்சென்றது. தானே கருவைச் சிதைத்துக்கொள்ளும் பெண்ணும் அதன்படி குற்றவாளியே. வன்புணர்ச்சியினால் உண்டான கருவிற்கேனும் விலக்களிக்க 1995இல் எடுத்த முயற்சி கைவிடப்பட்டது. 2017இல் எழுந்த முயற்சி மதபீடங்களின் எதிர்ப்பிற் தேங்கியது. செல்வர் வீட்டுப் பெண்ணுக்குக் கடல்கடந்து செல்ல வழியுண்டு. இச்சட்டம் முழுப் பாரத்துடன் இறங்குவது வறியவள் மீதே.

மறுபக்கமும் உண்டு. 1980 முதல் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு உடன்பட்டோருக்கு அரசு பணம் வழங்கியது. தேயிலைத் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்கூலி கிடைத்ததே 1984இலேதான். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் குடியுரிமை இழந்த சமூகத்திலே, கொழுந்து பறித்து ஆணிலும் குறைந்த கூலி பெற்ற ஒருத்தியிடம் அப்பணத்தை நீட்டி 'உன் விருப்பம்' என்பது எவ்வகை விருப்பம்? பலாத்காரம் இல்லை எனச் சட்டம் கூறலாம். பசி அருகில் நின்றது என்பதை நாம் கூறியாக வேண்டும்.

பெறாதிருக்கும் உரிமையும், பெற்று வளர்க்கும் உரிமையும் இருவேறு உரிமைகளல்ல. முன்னதை மட்டும் கோருவோர், ஏழையின் கருப்பையை எண்ணிக்கையாகக் காணும் அதிகாரிக்குத் தம்மை அறியாமலே துணைபோக நேரும். பின்னதை மட்டும் பேசித் தாய்மையைப் போற்றுவோர், அவளைச் சிறைக்கும் சாவுக்கும் ஒப்புவிப்பர். சம கூலி, பேறுகால விடுமுறை, பிள்ளைமடுவம், எட்டும் தூரத்தில் வைத்தியசாலை, கணவனிடமும் அரசிடமும் 'மாட்டேன்' என்று சொல்லும் வலிமை ஆகிய அனைத்தும் சேர்ந்ததே மகப்பேற்றுரிமை. டேவிஸின் அத்தியாயத்தை நம் வாசகர்க்கு நாம் பரிந்துரைப்பது, அது இவ்வொருமையைக் காணும் கண்ணை நமக்கு அளிப்பதனாலேயாம்.