அழைப்பிதழில் இல்லாத பெயர்கள்: போனக்காட்டை முன்வைத்து

திருவனந்தபுரத்துத் தமிழர்களுக்குக் கண்காட்சிகளுக்குப் பஞ்சமில்லை. மியூசியம் வளாகத்தில் 1935-இல் திறந்த ஸ்ரீசித்திரா கலைக்கூடம் இருக்கிறது. அதே வளாகத்தில் ரவிவர்மாவுக்கென்று 2023-இல் புதிய கூடம் வந்தது. கோவளம் போகிற வழியில் வெள்ளாறு கலை, கைவினைக் கிராமத்தை 2021-இல் புதுப்பித்துத் திறந்தார்கள். கொஞ்சம் வடக்கே போனால் கொச்சியில் 2012 டிசம்பர் 12-இல் தொடங்கிய முசிரிஸ் பினாலே. இவற்றில் ஏதாவது ஒன்றிலிருந்து அழைப்பிதழ் வந்தால், படம் எப்படி என்பதற்கு முன்னால் யார் யார் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பார்ப்பது என் வழக்கம். ஓவியர் பெயர் இருக்கும், அமைப்பாளர் பெயர் இருக்கும், திறந்து வைக்கும் பெருமக்கள் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். பொருளைச் செய்த கையின் பெயர்தான் பெரும்பாலும் இருக்காது.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. போனக்காட்டை வைத்து ஒரு கண்காட்சி நடத்தலாமே என்ற பேச்சு நண்பர்கள் நடுவே எழுந்திருக்கிறது. நல்ல எண்ணந்தான். ஆனால் பேசுகிறவர்கள் எல்லோரும் சொல்வது புகைப்படக் கண்காட்சியைத்தான்: மூடுபனி, கூரை போன தொழிற்சாலை, ‘பேய் பங்களா’ என்று ஊரெல்லாம் பெயரெடுத்துவிட்ட பழைய துரை பங்களா. இப்படி ஒரு கண்காட்சி வருமானால் அது போனக்காட்டுக்கு நல்லதல்ல என்பது என் கருத்து.

இடம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நகரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாக ஏறத்தாழ 60 கி.மீ. 1,868 மீட்டர் உயர அகத்தியர் மலைக்கு ஏறுகிறவர்கள் நடையைத் தொடங்குமிடம் அது. வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைத் தோட்டம். வேலைக்கு வந்தவர்களில் தமிழர் மிகுதி. பேரப்பிள்ளைகளும் அங்கேயே பிறந்தவர்கள். தொழிற்சாலை ஓடுவது நின்று பல ஆண்டுகளாகிறது. கூலி பாக்கி, பணிக்கொடை பாக்கி, ஒழுகும் லயங்கள் ஆகியவை செய்தித்தாள் படிக்கிற யாருக்கும் தெரிந்த விஷயம். தமிழ் இலக்கணத்துக்கு முதல்வர் என்று நாம் கொண்டாடும் முனிவரின் மலையடியில் குடியிருப்பவர்களைப் பற்றி நம் மலர்களில் எத்தனை கட்டுரை வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம்.

அந்தப் புகைப்படங்களில் என்ன குறை? அவை அழகாக இருக்கின்றன. அங்கேதான் சிக்கல். இடிந்த சுவர் அழகாகிவிட்டால் அது ஏன் இடிந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆளில்லாத வீட்டைப் படம் பிடிக்க வேண்டுமென்று அடுத்த லயத்தில் இருக்கும் ஆட்களை ஓரமாக ஒதுங்கச் சொல்வார்கள். இன்னொன்றும் உண்டு. தேயிலை மலையைப் படமெடுத்துக் கீழே ‘இயற்கை எழில்’ என்று எழுதுகிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் இயற்கை எங்கே இருக்கிறது? விட்டுவிட்டால் தேயிலை செடியாக நிற்காது, மரமாக வளர்ந்துவிடும். அதை இடுப்பளவில் நிறுத்துவது கவ்வாத்துக் கத்தி. சில வருஷத்துக்கொருமுறை வெட்டி, எந்தக் கிளையை விடுவது, எதை எடுப்பது என்று பார்த்துப் பார்த்துச் செய்கிற வேலை அது. கொழுந்தெடுக்கிற பெண்கள் சில தோட்டங்களில் செடி மேல் மட்டக்கம்பு வைத்துக்கொண்டு, அதற்கு மேலே வருகிற இரண்டு இலையையும் மொட்டையும் மட்டும் கிள்ளுவார்கள். பாய் விரித்தாற்போல் ஒரே மட்டமாக நாம் ரசிக்கிற அந்தச் சரிவு, தலைமுறை தலைமுறையாகப் பல நூறு கைகள் செய்த பொருள். குயவர் பானை எப்படியோ, அப்படி. கைவினை என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை. போனக்காட்டில் கவனிப்பில்லாத பாத்திகளில் செடி உயர்ந்து காடாகிக்கொண்டிருக்கிறது. அழிந்துகொண்டிருக்கும் கைவேலை ஒன்றைத்தான் நாம் பச்சைப் பசேல் என்று படமெடுத்துச் சட்டம் போட்டு மாட்டப்போகிறோம்.

கைவேலைக்காரனின் பெயர் விடுபடுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. ரவிவர்மா 1862-இல் பதினான்கு வயதுப் பையனாக இங்கே வந்தார். அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ண நுட்பத்தைக் கற்றுத்தர மறுத்தார் என்றும், அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை மறைவாக வந்து சொல்லிக்கொடுத்தார் என்றும் ரவிவர்மாவின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்த ஆறுமுகம் பிள்ளையை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பாலராமபுரத்துக்கு வருவோம். நாகர்கோவில் சாலையில் இருக்கும் அந்த ஊர், 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மா காலத்தில் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து சாலியர்களை அழைத்து வந்து குடியமர்த்திய ஊர் என்பது வரலாறு. குழித்தறியில் கையால் நாடா எறிந்து நெய்கிற அந்தக் கசவுத் துணிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அண்மைக்காலத்தில் லட்சுமி மாதவன் என்ற கலைஞர் அந்த நெசவாளர்களோடு சேர்ந்து துணியையே நவீனக் கலைப்படைப்பாகக் காட்சிக்கு வைத்தார். தறிக்காரருடன் உட்கார்ந்து செய்கிற முயற்சியாகையால் இதை நான் வரவேற்கிறேன். ஆனாலும் கலைக்கூடத்துக்குப் போன கசவு கலைஞர் பெயரைத் தாங்குகிறது, கடைக்குப் போன கசவு ஊர் பெயரைத் தாங்குகிறது. நெய்தவர் பெயர் எதைத் தாங்கும் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

சோழமண்டலத்தில் இதற்கு வேறொரு விடை கண்டார்கள். கோவையில் பிறந்த மலையாளியான கே.சி.எஸ். பணிக்கர், சென்னைக் கலைக் கல்லூரி மாணவர்களையும் ஓவியர்களையும் திரட்டி 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் அமைத்த கிராமம் அது. ஓவியம் விற்காத நாளில் பாத்திக் துணியும் மற்றக் கைவினைப் பொருளும் செய்து விற்று வயிற்றைக் கழுவிக்கொண்டார்கள். அங்கே ஓவியனும் கைவினைஞனும் ஒரே ஆள். ஆகவே, யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்ற வழக்கே வரவில்லை. மியூசியம் வளாகத்தில் பணிக்கரின் படங்களுக்குத் தனிக் கூடம் இருக்கிறது. போகாதவர்கள் போய்ப் பார்க்கலாம்.

தேயிலைக்கே உள்ள காட்சிச்சாலைகளில் இரண்டை ஒப்பிட்டால் நான் சொல்ல வருவது விளங்கும். ஒன்று மூணாறு நல்லதண்ணி எஸ்டேட்டில் 2004-இல் திறந்த தேயிலை அருங்காட்சியகம். 1905-ஆம் ஆண்டு உருட்டும் இயந்திரம், 1920-களின் நீர்மின் சக்கரம், 1924 வெள்ளத்தில் அழிந்த குண்டளை ரயிலின் மிச்சம் என்று கம்பெனி தன் கதையைத் தானே சொல்கிறது. அதைக் குறை சொல்வதற்கில்லை, அவர்கள் காட்சிச்சாலை அவர்கள் கதை. அங்கே ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது. 1913-இல் நம் நாசரேத் கலைத்தொழிற் பள்ளியில் செய்தது என்ற விவரம் அதற்கு உண்டு. செய்த பள்ளியின் பெயர் நூறாண்டு கழித்தும் நிற்கிறது பாருங்கள், பொருளோடு பெயரைச் சேர்ப்பதில் அப்படியொன்றும் கஷ்டமில்லை. 2015 செப்டம்பரில் அதே மூணாறில் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தபோது, தங்களுக்குத் தாங்களே ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்று இலங்கையில், கம்பளைக்குப் பக்கத்தில். பழைய லயம் ஒன்றிலேயே 2007-இல் அமைத்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம். அங்கே லயத்து அறைதான் முதல் காட்சிப்பொருள். கூடையும் கத்தியும் சமையல் சாமானும் அந்தந்த இடத்தில் இருக்கின்றன. மலையகத்திலிருந்து வந்த ஹனுஷா சோமசுந்தரம் என்ற ஓவியர் தேநீர்ப் பையையும் வடிகட்டியையும் வைத்தே தம் மக்களின் வாழ்வைப் படைப்பாக்குகிறார். வெளியே இருந்து பார்க்கிற கண்ணுக்கும் லயத்துக்குள்ளிருந்து பார்க்கிற கண்ணுக்கும் உள்ள வித்தியாசம் அங்கே தெரியும்.

மலையகத் தமிழில் ஒரு நாள் கூலிக்கே ‘பேர்’ என்று பெயர். முழு நாள் உழைத்தால் ஒரு பேர். கொழுந்து குறைந்தால் ‘அரைப் பேர்’. செக்ரோலில் விழுகிற அந்தப் பேர்தான் கூலிக்காரனுக்கு எழுத்தில் உள்ள ஒரே பேர்.

போனக்காட்டில் ஒரு பாட்டியம்மாவிடம் கண்காட்சி யோசனையைச் சொன்னபோது அவர் கேட்டது: “ஏன் சார், எங்க கிராஜுவிட்டி காசு இன்னும் வரல. நீங்க எங்க ஓட்டக் கூடைய எடுத்துட்டுப் போயி டவுன்ல தொங்கவிட்டா எனக்கென்ன ஆகும்?” நியாயமான கேள்வி. கலை விமர்சனம் எழுதுகிற எவரும் இதற்குப் பதில் சொல்லாமல் தாண்டிப்போக முடியாது. என்னுடைய பதில் இது. பணிக்கொடைக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த கணக்கு, வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் கூலி. அப்படியானால் யார், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை என்பதற்கு எழுத்து வேண்டும். சம்பளச் சீட்டு, வைப்புநிதிச் சீட்டு, பிரட்டுக்களத்தில் எடுத்த பழைய போட்டோ என்று டிரங்குப் பெட்டிக்குள் கரையான் அரிக்கிற இந்தக் காகிதங்கள்தான் காட்சிக்கு முதலில் வரவேண்டியவை. பெயரோடும் வருஷத்தோடும் அவற்றைப் படியெடுத்து ஒரு பிரதியை வீட்டுக்காரரிடமே கொடுத்தால், அது கலைக்கூடத்துக்கும் ஆகும், தொழிலாளர் துறை அலுவலகத்துக்கும் ஆகும். பாட்டியம்மா உடனே சம்மதிக்கவில்லை. “பேரன்கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்றார்.

ஆகவே, கண்காட்சி வைக்கிற நண்பர்களுக்கும், உதவ நினைக்கும் சங்கக் குடும்பங்களுக்கும் சில வேண்டுகோள்கள். முதல் காட்சி போனக்காட்டிலேயே, லயத்து வாசலில் நடக்கட்டும். மியூசியம் பக்கம் பிறகு வரலாம். பங்களாப் படம் ஒன்றே ஒன்று போதும். கூடைக்குக் கீழே ‘பழங்காலக் கூடை’ என்று எழுதாமல், அதைச் சுமந்தவர் பெயரும் அவர் எந்த ஊரிலிருந்து வந்த குடும்பம் என்பதும் இருக்கட்டும். பெயர் போட வேண்டாம் என்று அவர் சொன்னால் அதற்கும் கட்டுப்பட வேண்டும். பொருள் இரவலாகத்தான் வாங்க வேண்டும், ரசீது கொடுத்து. குறிப்புகள் தமிழிலும் மலையாளத்திலும் அமையட்டும். கவ்வாத்து, மட்டக்கம்பு, பிரட்டுக்களம் போன்ற தோட்டச் சொற்களை நம் படித்த தமிழுக்கு மாற்றி எழுதிவிட வேண்டாம். விளங்காதவர்கள் பக்கத்தில் நிற்கிற போனக்காட்டுக்காரரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அழைப்பிதழின் முதல் படியை யாருக்குக் கொடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பேரன் என்ன சொன்னான் என்று கேட்க அடுத்த மாதம் மறுபடி போகிறேன். வர விரும்புகிறவர்கள் சங்க அலுவலகத்தில் சொல்லிவைத்தால் சேர்ந்தே போகலாம்.