மோரோ கதையும் பாயின்ட் 45 பிஸ்டலும்

போன மாதம் ஓஹையோவில் ஒரு கன் ஷோவுக்குப் பக்கத்து வீட்டுக்காரரோடு போயிருந்தேன். மனிதர் இருபது வருஷமாகப் பழைய ராணுவத் துப்பாக்கிகள் சேகரிப்பவர். கோல்ட் 1911 பிஸ்டல் ஒன்று கையில் கிடைத்தால் போதும். சீரியல் நம்பர், பரிசோதித்த அதிகாரியின் இனிஷியல் முத்திரை, ட்ரிக்கர் நீளமா குட்டையா, மேல்பூச்சு அசலா என்று ஒன்று விடாமல் பார்ப்பார். பார்க்கத்தான் வேண்டும். தையல் மெஷின் செய்த அதே சிங்கர் கம்பெனி இந்த பிஸ்டலின் ஏ1 மாடலை 500 மட்டும் செய்துகொடுத்தது. அதன் பெயரில் போலிகளும் உலவுகின்றன. சந்தேகபுத்தி இல்லாமல் சேகரிப்பாளராக இருக்க முடியாது.

அன்றைக்கு அவர் வந்தது வேறு வேலைக்கு. தினமும் இடுப்பில் வைத்துக்கொள்ள ஒரு பிஸ்டல் வேண்டுமாம். கடைக்காரர் 1911-இன் புதுப் பிரதி ஒன்றை நீட்டி, அந்தப் பிரபலமான கதையை எடுத்துவிட்டார்.

“பிலிப்பைன்ஸ்ல மோரோக்காரன் மேல பாயின்ட் 38 குண்டு ஆறு பாய்ஞ்சும் அவன் நிக்காம வந்தான். அவனை நிறுத்தத்தான் பாயின்ட் 45-ஐயே கொண்டுவந்தாங்க. அவனையே நிறுத்தினது, உங்க வீட்டுக்கு வர்ற திருடனை நிறுத்தாதா?”

நண்பர் தலையாட்டினார். துப்பாக்கியின் ஒவ்வொரு திருகையும் சந்தேகப்படுகிறவர், கதையை மட்டும் முத்திரை பார்க்காமல் வாங்கிக்கொண்டார். என் குறை அங்கேதான்.

கதை முழுப் பொய் இல்லை. பிலிப்பைன்ஸ் போரில் பாயின்ட் 38 ரிவால்வர் பற்றி அமெரிக்கப் படையில் நிஜமாகவே புகார்கள் வந்தன. 1873 மாடல் பாயின்ட் 45 ரிவால்வர்களைத் தூசி தட்டி மறுபடி கொடுத்தார்கள். 1904-இல் ஜான் தாம்சன் என்ற அதிகாரியும் லூயிஸ் லகார்ட் என்ற ராணுவ மருத்துவரும் சிகாகோவின் மாட்டுத்தொட்டியில் சோதனை நடத்தினார்கள். உயிருள்ள மாடுகளைச் சுட்டார்கள். மனிதப் பிணங்களைத் தொங்கவிட்டுச் சுட்டு, எவ்வளவு ஆடுகிறது என்று கண்ணால் மதிப்பிட்டார்கள். காலிபர் 45-க்குக் குறையக் கூடாது என்று முடிவானது. 1911 மார்ச்சில் ஜான் பிரவுனிங் வடிவமைத்த பிஸ்டலை ராணுவம் ஏற்றுக்கொண்டது.

இதுவரைக்கும் சரி. ஆனால் அதே அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது: குறிதவறாமல் சுடுவதற்கு வீரர்களுக்கு இடைவிடாத பயிற்சி வேண்டும். கடைக்காரர் கதையில் இந்த வரி கிடையாது. பயிற்சியைக் கவுன்ட்டரில் வைத்து விற்க முடியாதே!

அடுத்தது, ‘நாலு குண்டு பட்டும் நிற்காத மனிதன்’. லகார்ட் தன் புத்தகத்தில் பதிந்த பிரபலமான சம்பவம் ஒன்று உண்டு. அது நடந்தது 1905 அக்டோபரில், அதாவது சோதனைக்கு அடுத்த வருஷம். நடந்த இடம் சமார் தீவு. அது மோரோக்களின் பிரதேசமே இல்லை. தப்பிக்கப் பார்த்த ஒரு கைதி அவர். கடைசியில் துப்பாக்கிக் கட்டையால் நெற்றியில் அடித்துத்தான் பிடித்தார்கள். பிழைத்தும் கொண்டார்.

அப்படியென்றால் மோரோக்கள்? 1906 மார்ச்சில் ஜோலோ தீவில் புட் தாஹோ என்ற அணைந்த எரிமலையின் உச்சியில், பெண்கள் குழந்தைகளோடு அவர்கள் தங்கியிருந்தார்கள். அமெரிக்கப் படை பீரங்கிகளை மலைமேல் இழுத்துக்கொண்டு போனது. குறைந்தது 600 பேர் செத்தார்கள். படையின் பக்கம் சுமார் 20 பேர். பிணங்கள் நிறைந்த பள்ளத்தின் கரையில் சிப்பாய்கள் நின்று எடுத்துக்கொண்ட போட்டோ இருக்கிறது. மார்க் ட்வைன் கொதித்துப்போய் எழுதினார். கவனியுங்கள், 1911 பிஸ்டல் பிறப்பதற்கு ஐந்து வருஷம் முன்னாடி இது. மோரோக்களை ‘நிறுத்த’ பாயின்ட் 45 பிஸ்டல் தேவைப்படவில்லை. நம்ம கதையிலோ அவர்களுக்கு ஊர் இல்லை, குடும்பம் இல்லை. ஓடிவரும் ஓர் உடம்பு, அவ்வளவுதான்.

இதே கதை எண்பது வருஷம் கழித்து வேறு வேஷத்தில் திரும்ப வந்தது. 1986 ஏப்ரலில் மயாமியில் எஃப்.பி.ஐ. ஏஜென்ட்டுகள் இரண்டு பேர் துப்பாக்கிச் சண்டையில் இறந்தார்கள். கொள்ளைக்காரன் உடம்பில் பாய்ந்த 9 மி.மீ. குண்டு இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. பழி காலிபர் மேல் விழுந்தது. 10 மி.மீ. வந்தது, பிறகு பாயின்ட் 40 வந்தது. கடைசியில் 2014-க்குப் பிறகு எஃப்.பி.ஐ. 9 மி.மீ.க்கே திரும்பியது. குண்டுகளின் வடிவமைப்பு தேறிவிட்டது என்பது ஒரு காரணம். உதை குறைவாக இருப்பதால் ஏஜென்ட்டுகள் இன்னும் வேகமாக, சரியாகச் சுடுகிறார்கள் என்பது இன்னொன்று. சுற்றிச் சுற்றி 1904-இல் விடுபட்ட அதே வரிக்குத்தான் வந்து நிற்கிறோம்.

பிஸ்டல் குண்டு யாரையும் தூக்கியெறியாது. சுடுகிறவர் கையில் விழும் உதை எவ்வளவோ, பட்டவர் மேல் விழுவதும் ஏறத்தாழ அவ்வளவுதான். எங்கே படுகிறது, எவ்வளவு ஆழம் போகிறது என்பதுதான் விஷயம்.

சரி, நண்பர் என்ன வாங்கலாம்? 1911 காலியாகவே 1.1 கிலோ, மேகசினில் 7 தோட்டா. 2018-இல் வந்த சிக் பி365 அரைக் கிலோதான், 10 தோட்டா. இதனாலேயே பின்னது உசத்தி என்று நான் சொல்லவில்லை. சின்ன பிஸ்டல் சிலருக்குக் கையில் நிற்காது. கேட்க வேண்டிய கேள்விகள் வேறே: தினமும் சுமப்பீர்களா? கை நடுங்கும்போதும் குறி வைக்க முடியுமா? மாதம் எத்தனை தடவை பயிற்சி? வீட்டில் பேரக்குழந்தை வந்தால் அது எங்கே பூட்டியிருக்கும்?

அவர் அன்றைக்கு எதுவும் வாங்கவில்லை. அடுத்த வாரம் வாடகைக்கு இரண்டையும் எடுத்துச் சுட்டுப் பார்க்கப் போகிறார். திரும்பி வரும் வழியில் புட் தாஹோ போட்டோவை போனில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். “இருபது வருஷமா அந்தக் கதையை நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேன்” என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

பழைய துப்பாக்கியைச் சேகரிப்பது வரலாற்றைக் காப்பதுதான் என்று அவர் அடிக்கடி சொல்வார். ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் சீரியல் நம்பரைப் பார்க்கிற அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதையையும் பார்க்க வேண்டும்.