பரிசு பெற்ற ஊரும் பதில் பெறாத கேள்வியும்

சிற்றூர்களுக்குள்ளே போட்டி, சிறந்த ஊருக்குப் பட்டம்! ஐ.நா.வின் சுற்றுலா அமைப்பு 2021-ஆம் ஆண்டு இத்திட்டத்தைத் தொடங்கிற்று. முதல் முறையிலேயே 32 நாடுகளைச் சேர்ந்த 44 சிற்றூர்கள் பட்டம் பெற்றன. அவற்றுள் ஒன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளி.

தகுதியற்ற ஊரா? இல்லை, இல்லவே இல்லை! நெய்த துணியிலே கோலமிடுவது எளிது. போச்சம்பள்ளி நெசவாளியோ, நெய்வதற்கு முன்பே கோலத்தைக் கணக்கிட்டு, நூலை இறுகக் கட்டி, சாயத்தில் தோய்த்து, அவிழ்த்து, மீண்டும் கட்டி, மீண்டும் தோய்த்துத் தறியேற்றுகிறான். இழை பிசகினால் உருவம் சிதையும். கையும் கணக்கும் கூடிச் செய்யும் அறிவுத்தொழில் அது. அதனைக் காண அயல்நாட்டார் வருவது நமக்கும் பெருமையே.

ஆனால், போட்டியின் விதிகளைப் புரட்டிப் பாருங்கள், தோழர்களே! மக்கள்தொகை 15,000-க்கு மிகலாகாது. உழவு, மீன்பிடிப்பு போன்ற மரபுத் தொழில்கள் இருத்தல் வேண்டும். ஊரார் பொதுவான விழுமியங்களையும் வாழ்க்கை முறையையும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பிறகு ஒன்பது தலைப்புகளில் மதிப்பீடு. விடைத்தாள் திருத்துவது என் பிழைப்பு. வினாத்தாளைக் கண்டால் விடுபட்ட வினாவைத் தேடும் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

பொதுவான வாழ்க்கை முறையாம்! ஊர் வேறு, சேரி வேறு என வகுத்துவைத்த நாட்டிலே எது பொது? 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையிலே, சிற்றூரைப் போற்றிப் பாடியோரை அம்பேத்கர் எதிர்த்து நின்றது இதனால் அன்றோ?

போச்சம்பள்ளியின் வரலாறே சான்று. 1951 ஏப்ரல் 18 அன்று வினோபா அங்கு வந்தபோது, தாழ்த்தப்பட்ட 40 குடும்பத்தார் 80 ஏக்கர் நிலம் கேட்டனர். இராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் தர முன்வந்தார். பூதான இயக்கம் பிறந்தது. ஊர்ப்பெயரோடும் ‘பூதான்’ ஒட்டிக்கொண்டது. ஈந்தவரின் பெருமையாகவே இக்கதையைச் சொல்கின்றனர். உழைக்கும் தெரு ஒன்று நிலமின்றி நின்றது ஏன் என்று கேட்பார் யார்?

மற்றொன்று. ஊர்ப் போட்டி என்கிறோம். ஊர் தானாக நுழைய இயலாது. அரசே முன்மொழிய வேண்டும். 2021-இல் இந்தியா முன்மொழிந்தவை மூன்று: போச்சம்பள்ளி, மத்தியப் பிரதேசத்தின் லாத்புரா காஸ், மேகாலயத்தின் கோங்தோங். கோங்தோங்கிலே தாய் தன் குழந்தைக்கு ஓர் இசையையே பெயராகச் சூட்டுகிறாள். அவ்வாண்டுப் பட்டம் அவ்வூருக்குக் கிட்டவில்லை. அதனால் அவ்விசை தாழ்ந்துவிட்டதா?

போட்டி நடக்கட்டும். உலகுக்கெல்லாம் பொதுவாக எழுதிய தாள் நம் சாதித் தெருவை எங்ஙனம் அறியும்? ஆகவே இரண்டு வினாக்களை நாமே சேர்ப்போம். பயணி தரும் நூறு ரூபாயில் தறியில் அமர்ந்தவனுக்கு எவ்வளவு? சேரி வீட்டிலே பயணிக்குத் தங்க இடம் உண்டா? விடையை அத்தெருவாரே எழுதட்டும்.